சிப்பிக்காரரை உறங்க வைத்த மேபல் டாக்டர்

மேபல் டாக்டர் போய்விட்டார் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டது நான்தான். ஒருவரும் நம்பவில்லை. “ஏலே, சாவுலயுமா உனக்க சேட்டை?” என்று பக்கத்து வீட்டு அக்கா எழுதினாள். அம்மா குரல்பதிவு அனுப்பிய பிறகுதான் குழு அடங்கியது. என் பெயர் அவ்வளவு நல்ல பெயர். டாக்டர் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

தக்கலையில் வீடு, மயக்க மருந்து கொடுப்பது தொழில். எங்கள் கடியப்பட்டணத்தில் பாதிப் பேரை ஆபரேஷனுக்கு உறங்க வைத்தவர். “ஆளை மயக்குத டாக்டர்” என்று நான் ஒருமுறை சொன்னபோது, “நான் வாயுவால மயக்குதேன், நீ வாயால மயக்குத” என்றார்.

அப்பா கடலடிப் பாறைகளில் சிப்பி எடுக்க முங்குகிறவர். பைபாஸ் செய்யாவிட்டால் இதயம் அதிக நாள் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். கடலுக்குப் பயப்படாத மனிதர், மயக்க மருந்துக்குப் பயந்து கையெழுத்துப் போட மறுத்தார்.

“நெஞ்சுக்குப் போற ரத்தத்த நிறுத்துவிய, அதுக்கு மேல மயக்கமும் குடுப்பிய. முங்கினவன் தலையில கல்லைப் போடுத மாதிரியில்லா இருக்கு, டாக்டரம்மா?”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அண்ணே, அடியில மூச்சடக்கிக் கெடக்கும்போ கையக் கால ஒதறுவியளா?”

“ஒதறினா மூச்சு சட்டுனு தீந்துருமே. அடங்கிக் கெடக்கணும்.”

“நான் குடுக்குத வாயுவும் அப்படித்தான். மூச்சுல இழுத்தா இதயத்துல உள்ள செல்லுகளுக்கும் போய்ச் சேரும். பொறவு ரத்தம் நிக்கும்போ அதுவ பதறாம, இருக்குத சக்தியச் சிக்கனமா வச்சுக் கெடக்கும். ரத்தம் திரும்பப் பாயும்போதும் செல்லுக்கு அடி உண்டு. அதையும் கொஞ்சம் தாங்கும்.”

“அப்ப ஒண்ணும் ஆவாது?”

“சத்தியம் பண்ண மாட்டேன். ஆய்வுக்கூடத்துல நல்லாத் தெரியுது. மனுசருக்கு எவ்வளவு உதவுதுன்னு எங்க ஆளுகளுக்குள்ளேயே இன்னும் சண்டை. ஆனா நீங்க முங்கி எழும்புத வரைக்கும் தலைமாட்டுலயே இருப்பேன்.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். மேலே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் சிப்பிக்காரர்கள் முங்குவதில்லை.

“இடையில சாயா குடிக்கப் போவியளா?”

“போமாட்டேன்.”

“உறங்கிருவியளா?”

“உறங்கத்தான் நீங்க இருக்கியளே!”

அப்பா சிரித்துவிட்டார். அம்மா அந்த நொடியே பேனாவை நீட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் தொண்டைக்குழாயை எடுத்ததும், கரகரத்த குரலில் அப்பா கேட்ட முதல் கேள்வி: “டாக்டரம்மா சாயா குடிச்சாச்சா?”

நேற்று பக்கத்து வீட்டு மாமாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். “ஒண்ணும் ஆவாதுல்லா மக்கா?” என்று என் கையைப் பிடித்தார். பொய் எனக்கு நாக்கு நுனியிலேயே இருக்கும். நேற்று அதைச் சொல்லவில்லை.

“தெரியாது மாமா. ஆனா வெளியில நான் இருப்பேன்.”

“நீயா? அப்ப எப்படியும் எழும்பி வந்துரணும். எனக்க செருப்பை ஒளிச்சு வச்சிருவ” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

மேபல் டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பதில்தான். மாமா இன்று காலை கஞ்சி குடித்தார்.