கடல்பாசியில் சுட்ட தோட்டா

தோட்டாவின் தரத்தைச் சோதிக்கத் தொழிற்சாலைச் சான்று பெற்ற ஜெலட்டின் கட்டியையே பயன்படுத்த வேண்டும். அது கிடைக்காவிட்டால் சோதனையைத் தள்ளிவைக்க வேண்டும். அமீரகத்தின் அல் ஐனில் நான் நிர்வாக அதிகாரியாக இருந்த துப்பாக்கிச் சுடும் கிளப்பின் விதி இது. படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும். எங்கள் மேனேஜருக்குப் படிக்கத் தெரியும், பட்டமே இரண்டு.

தோட்டா சதைக்குள் எப்படிப் பாயும் என்பதை அந்தக் கட்டி காட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கட்டிகள் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டன. பன்றித் தோலில் செய்தவையோ என்று சந்தேகம். யாரும் தின்னப் போவதில்லை என்று நான் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். மேனேஜருக்குப் பொறுமை இல்லை. கிளப்பின் முதலாளியான அரபி வியாழக்கிழமை சோதனையைப் பார்க்க வருவதாக இருந்தது.

"ஜெல்லின்னா ஜெல்லிதானே சார்? நம்ம மெஸ்ஸுலயே செஞ்சுடலாம்" என்றார்.

மெஸ் நடத்திய பாய் கீழக்கரைக்காரர். நோன்பு மாதத்தில் அவர் காய்ச்சும் கடல்பாசி ஜெல்லிக்கு எங்கள் கேம்ப் முழுக்க ரசிகர்கள். பெரிய டப்பில் காய்ச்சி ஊற்றி, குளிர்வித்துக் கொண்டுவந்து இறக்கினார். ரோஜா நிறத்தில் தளதளவென்று ஆடியது.

"பன்னிச் சங்கதியே கிடையாது சார், சுத்த ஹலால். சீனி மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார் பாய்.

முந்திரியும் போட்டிருந்தார்.

துப்பாக்கிகளைப் பராமரித்த டெக்னீஷியன் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சோதிக்கவிருந்த தோட்டாக்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைத்தவரும் அவர்தான். "பாய், இதுக்கு ஸ்பூன் குடுங்க, துப்பாக்கி எதுக்கு?" என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அத்துடன் சரி.

கட்டியின் பதத்தை முதலில் ஒரு சிறு ரவைக்குண்டால் சுட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று நான் நினைவூட்டினேன். "யல்லா, நேரமாச்சு" என்றார் மேனேஜர். சுட்டார்கள். ஜெலட்டின் இழுபட்டுத் தோட்டாவின் பாதையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல்பாசிக்கு அந்தக் குணம் இல்லை, நொறுங்கும். நொறுங்கி மேஜை, சுவர், முதலாளியின் வெள்ளை அங்கி எல்லாவற்றிலும் ஒட்டியது. சமையல் தோற்றது என்று மேனேஜர் எழுதியிருக்கலாம். தோட்டா தரமற்றது, தேர்வு செய்தவர் தகுதியற்றவர் என்று எழுதினார். முதலாளி அங்கியைத் துடைத்தபடியே, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று பொருள். டெக்னீஷியனின் விசாவை ரத்து செய்ய உத்தரவாயிற்று.

"சார், பாய் காய்ச்சுனது ஒடஞ்சதுக்கு என்னைய ஊருக்கு அனுப்புதாவளே! வீட்டுல என்னன்னு சொல்லுவேன்? பாயாசத்தச் சுட்டேன்னா?"

விதிப்படி எனக்கு ஒரே வழிதான் இருந்தது. சான்று பெற்ற கட்டியில் மறுசோதனை செய்ய வேண்டும், அதுவரை நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும் என்று கிளப்பின் கமிட்டிக்கு எழுதினேன். கமிட்டியில் இருந்தவர்கள் கனவான்கள். கூடுவார்கள், காவா என்னும் அரபுக் காப்பி குடிப்பார்கள், பேரீச்சங்கொட்டையைத் துப்புவார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். சோதனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைக்கத் தெரிந்தவர்கள். இதற்குள் துறைமுகத்திலிருந்து அசல் கட்டிகளும் வந்துசேர்ந்தன. மாட்டுத் தோலில் செய்தவையாம். சுட அனுமதி இல்லாததால் குளிர்பெட்டியில் கிடந்தன.

மறுவாரம் வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் டெக்னீஷியனை ஏற்றி அனுப்பினார்கள். பாய் வழிக்குச் சோறு கட்டிக்கொடுத்தார், மேனேஜர் கைகுலுக்கினார்.

மறுசோதனைக்கு அனுமதி அளித்தும், அதுவரை அவரைப் பணியிலேயே வைத்திருக்கச் சொல்லியும் கமிட்டியின் பதில் வந்தது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை.