யாரும் கேட்காத சாட்சி

என்னைப் பெற்ற ஐயா எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்தச் சிறு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும், சபையாருக்கும், ஐயாவோடு ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நல்லதை மட்டும் எழுதுப்பா" என்றார் சின்னையா. நல்லது எழுத நிறைய இருக்கிறது. ஆனால் ஐயா கடைசி வருஷங்களில் சுமந்து திரிந்த ஒன்றை விட்டுவிட்டு எழுதினால், அது வேறு யாரோ ஒருவருடைய சரித்திரமாகிவிடும்.

ஐயா பிறந்தது மதுரைக்கு மேற்கே, சோழவந்தான் பக்கம், வயல் கூலி வேலை பார்த்த குடும்பத்தில். ஊர்க் கிணற்றில் இறங்க அனுமதியில்லாத குடும்பம். இருபது வயதில் அவருக்குக் காலரா கண்டது. அக்கம்பக்கத்தார் ஒதுங்கிப் போனார்கள். மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் மாட்டு வண்டியில் வந்து இறங்கி, ஐயாவின் தலையைத் தம் மடியில் தூக்கி வைத்து, மூன்று நாள் உப்புக் கஞ்சி புகட்டினார். "நீ எந்த ஆளுகன்னு ஒரு வார்த்தை கேக்கலடா அந்த மனுஷன்" என்று ஐயா இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் அவர் முதலில் போனது அந்தக் கம்பவுண்டர் போகும் கோயிலுக்குத்தான். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்தக் காலத்தில் சபையில் இரண்டு பாய் விரிப்பார்கள். யாருக்கு எந்தப் பாய் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஐயா இரண்டு பாய்களுக்கும் நடுவே வெறுந்தரையில் போய் உட்கார்ந்தாராம்.

"ஏப்பா, உம் பாய் அந்தப் பக்கம்ல கெடக்கு" என்றாராம் ஒரு பெரியவர்.

"என் வயித்துல எறங்குன கஞ்சி எந்தப் பக்கத்துக் கஞ்சின்னு எனக்குத் தெரியலைங்க. தெரியிற வரைக்கும் நடுவுலயே இருக்கேன்."

சிலர் சிரித்தார்கள், சிலர் எழுந்து போனார்கள். ஆறு வருஷம் அவர் நடுவிலேயே உட்கார்ந்தார். ஏழாவது வருஷம் ஒரே நீளப் பாய் வந்தது. சமூகத்தைப் பற்றி ஐயா பிரசங்கம் எதுவும் செய்ததில்லை. உட்காருகிற இடத்தை மட்டும் தெரிந்தெடுத்தார்.

பிறகு ரயில் பாதையில் கூலியாகச் சேர்ந்து, கீமேன் ஆனார். கீமேன் என்றால் தினமும் விடியற்காலம் தம் பங்குப் பாதை முழுவதும் நடந்து, தண்டவாளங்களை இணைக்கும் பட்டைகளையும் மரைகளையும் தட்டிப் பார்த்து முடுக்குகிறவர். வெயிலானாலும் மழையானாலும் அந்த நடை உண்டு. ஸ்டேஷனை ஒட்டிய லயனில் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயதில் என் தாயார் இறந்தார்கள். அதன் பிறகு பின் தெருவிலிருந்த ஒரு அத்தை வீட்டில்தான் நான் பாதி நாள் சாப்பிட்டேன். அவர்கள் இந்துக்கள், எங்களுக்கு உறவுமில்லை. ஆனால் ஐயா எந்தக் கூச்சமும் இல்லாமல் பானையில் மொண்டு தண்ணீர் குடித்த வீடு அது ஒன்றுதான். அவர்கள் ஐயாவை "அண்ணே" என்பார்கள். அவர்களுடைய ஒரே மகன் சோலை. அவனும் நானும் ஒரு வயது.

நான் படித்து மிஷன் ஆரம்பப் பள்ளியில் உபாத்தியாயர் ஆனேன். சோலை கதர் கட்டிக்கொண்டு, சுயராஜ்யக் கூட்டங்களுக்குப் போகலானான். வீட்டுக்கு வந்தால் ஐயாவை வம்புக்கு இழுப்பான்.

"என்ன மாமா, வெள்ளைக்காரன் தண்டவாளத்தை இம்புட்டுத் தட்டுத் தட்டுறீக? உங்க இயேசுசாமி இந்த வண்டியிலதான் வாராராக்கும்?"

"வந்தா மூணாங்கிளாஸ்லதாண்டா வருவாரு, மாப்ள. அங்கதான் உங்க ஆத்தாளும் உக்காந்து போறா. அதுக்குத்தான் தட்டுறேன்."

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு அவ்வப்போது கேட்கிறது. கேட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

யுத்த காலத்தில், ஊரெங்கும் கலவரமாயிருந்த அந்த வருஷம், ஒரு நாள் விடியும் வேளையில் சோலை பாதையில் குனிந்து மரை கழற்றுவதை ஐயா பார்த்துவிட்டார்.

"மாப்ள, ஆறரை வண்டியில சனம் வருதுடா!"

"வெலகுங்க மாமா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"இதை முடுக்கிட்டுத்தாண்டா வெலகுவேன்."

சோலை ஸ்பானரை வீசிவிட்டுப் போய்விட்டான். ஐயா மரைகளை முடுக்கினார். வண்டி போயிற்று. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் புதருக்குள் கிடந்த ஸ்பானர் வேறொருவர் கையில் அகப்பட்டது. சுயராஜ்யக் கூட்டங்களுக்குப் போகிறவன் என்பதால், இரண்டாம் நாள் போலீசார் சோலையைப் பிடித்தார்கள். அது ஐயாவின் பங்குப் பாதையாதலால் அவரைச் சாட்சியாகப் போட்டார்கள்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, இவனைத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்றாரு. அம்புட்டுத்தான்."

"சொல்லிருதேன் தாயி. நீ அழாத."

ஐயா மனதாரத்தான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் விளக்கேற்றியதும் நான் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பேன். வரிசையாக வாசிக்க வேண்டும், தாண்டக் கூடாது. "புடிச்சதை மட்டும் வாசிச்சா அது நம்ம பேச்சுடா, அவர் பேச்சில்ல" என்பது ஐயாவின் கண்டிப்பு. சாட்சிக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறந்தேன். அன்றைய வரிசையில் வந்தது, எஜமானாகிய இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோன பிறகு, முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த சீஷன் பேதுரு, அவரைத் தமக்குத் தெரியவே தெரியாதென்று மூன்று தரம் சொன்ன இடம்.

நான் பார்த்தவுடனே நிறுத்தினேன். ஒரு தாளைப் புரட்டியிருக்கலாம். ஐயாவுக்கு எழுத்துத் தெரியாது.

"என்னடா நின்னுட்ட?"

வாசித்தேன். ஒழுங்கான பிள்ளையாக, ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். முடித்ததும் ஐயா, "அந்த எடத்தை இன்னொருக்கா" என்றார். மறுபடி வாசித்தேன். அவர் ஜெபிக்காமல் படுத்துவிட்டார்.

மதுரைக் கோர்ட்டில் ஐயாவிடம் வேதப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். முத்தமிட்டுச் சத்தியம் செய்தார். "இவனைத் தெரியுமா?" என்று கேட்டார்கள். ஐயா கூண்டிலிருந்து சோலையைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும்ங்கய்யா. எந் தங்கச்சி மகன்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் உண்மை. சோலையின் வக்கீல் முகம் கறுத்து, ஒரு கேள்வியும் கேளாமல் உட்கார்ந்துவிட்டார். ஐயா மட்டும் இன்னும் ஏதோ கேட்பார்கள் என்பது போல நின்றுகொண்டிருந்தார். "எறங்குப்பா" என்றார்கள். இறங்கும்போது சோலை தணிந்த குரலில், "ஆத்தாளைப் பாத்துக்கங்க மாமா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் ஐயா இன்னும் சில வருஷம் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் தண்டனை. அடுத்த ஞாயிறு எங்கள் போதகர், ஆளும் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிகிற கிறிஸ்தவனுக்கு நம் சகோதரர் நல்ல முன்மாதிரி என்று பிரசங்கத்தில் சொன்னார். ஐயா எழுந்து நின்றார்.

"ஐயரே, மன்னிக்கணும். நான் வெள்ளைக்கார ராஜாவுக்காகச் சொல்லலை. அவரு பேரை இதுல சேக்காதீங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும்டா" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சோலையைப் பிடித்த அன்று காலை பத்து மணிக்கு, சுத்தியலோடு அந்தப் பக்கம் போன ஐயா, குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போலீசார் அவனைக் கீழே தள்ளி வயிற்றில் பூட்ஸ் காலால் உதைப்பதைப் பார்த்திருக்கிறார். அவன் தண்ணீர் கேட்டிருக்கிறான். ஐயா குழாயில் செம்பு நிறையப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். ஒருவன் செம்பைத் தட்டிவிட்டு, "ஒன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ" என்றிருக்கிறான்.

"போயிட்டேண்டா. சுத்தியலைத் தோள்ல வச்சிக்கிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டேன். கோர்ட்டுல கேப்பாகன்னு இருந்தேன். கேக்கலை. கேட்டதுக்கு மட்டும் உண்மையைச் சொல்றது வேலைக்காரன் வழக்கம்டா. அவுக கேக்காததையும் சொன்னாத்தான் சாட்சி."

"எழுதுறேன் ஐயா" என்றேன். எழுதவில்லை. சர்க்கார் மானியத்தில் நடக்கும் பள்ளிக்கூடம். என் வேலை நிரந்தரமாகவில்லை. யுத்தத்தால் காகிதம் கிடைக்கவில்லை என்றேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றேன். ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம், சிறையில் வயிற்றுக்கடுப்பு கண்டு சோலை இறந்துபோனான் என்று செய்தி வந்தது.

ஐயா போய் அத்தை வாசலில் நின்றார்.

"உங்க சாமிக்கு எம் மகன்தான் கெடைச்சானாண்ணே?"

அத்தை கதவைச் சாத்தினார்கள். மறுநாளிலிருந்து ஐயா வேலைக்குப் போகுமுன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அந்த வாசலில் வைப்பார். அத்தை அதை எடுத்து வெளியிலிருந்த முருங்கைக்கு ஊற்றிவிட்டு வெறுங்குடத்தைத் தெருவில் வைப்பார்கள். ஒரு நாளும் தவறாமல் இது நடந்தது. "வேதக்காரரு முருங்கை வளக்குறாருடோய்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஐயா காதில் விழுந்தும் விழாததுபோல் குடத்தை எடுத்துக்கொண்டு வருவார்.

மனுவைப் பற்றி அதன்பின் என்னைக் கேட்கவில்லை. தாமே ரயில்வே துரையிடம் போய் வாய்மொழியாகச் சொன்னார். எழுதிக்கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். அதையும் என்னிடம் சொல்லவில்லை. பாதை வேலை மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுயராஜ்யம் வரப்போகிறதென்று நான் ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னபோது, "வரட்டும். நம்ம ஆளுகளே நாற்காலியில உக்காரட்டும். உக்காந்தவுக குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால ஒரு நடை போய்ப் பாக்கணும். போகலைன்னா அவுகளும் இவுகளும் ஒண்ணுதான்" என்றார். ஐயாவின் அரசியல் இவ்வளவுதான். அவர் கட்சி எதிலும் சேர்ந்ததில்லை.

போன வருஷம் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டத் தொடங்கியது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள். காய்ச்சலில், "தெரியும்ங்கய்யா, தெரியும்ங்கய்யா" என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி நாள் மத்தியானம் தெளிந்து என்னைப் பார்த்தார்.

"எழுதிட்டியாடா?"

"எழுதிட்டேன் ஐயா."

"படி."

கட்டில் தலைமாட்டில் கஞ்சிக் கணக்குச் சீட்டு ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன். அதில் இல்லாத மனுவை வாசித்தேன். குட்ஸ் ஷெட், காலை பத்து மணி, சோலை தண்ணீர் கேட்டது, இரண்டு போலீசார் நின்றது என்று சொல்லிக்கொண்டே போனேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஐயா கையை உயர்த்தினார்.

"ரெண்டில்லடா. மூணு பேரு."

"ஆமாம் ஐயா, மூணு பேர்."

"கையெழுத்துக்கு மை கொண்டா" என்றார். பெருவிரலை நீட்டினார். மை இல்லை. அந்த விரலைத் தண்ணீரில் தோய்த்து, சீட்டின் மூலையில் வைத்து அழுத்தினேன். அரை மணி கழித்து, நிம்மதியாகப் போய்விட்டார். ஒரு பொய் சொல்ல முடியாமல் இவ்வளவையும் பட்டவருக்கு நான் கொடுத்த நிம்மதி அது. ஈரம் அன்றைக்கே காய்ந்துவிட்டது.

அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், நர்சம்மாள்களுக்கும், பெட்டியை லயனிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை தோளில் சுமந்து வந்த ரயில் பாதை கேங் ஆட்களுக்கும், அடக்கத்தில் ஜெபித்ததோடு பழைய பிரசங்கத்துக்காக என்னிடம் வருத்தம் தெரிவித்த போதகருக்கும், என்னை ஆளாக்கச் சோறு போட்ட அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சோலையைப் பிடித்த அன்று காலை பத்து மணிக்கு, குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், மூன்று போலீசார் அவனைத் தரையில் தள்ளி வயிற்றில் உதைத்தார்கள். அவன் தண்ணீர் கேட்டான். கொடுக்க விடவில்லை. இது என் ஐயா கண்ணால் கண்டது. என்னிடம் அவர் வாயால் சொன்னது.

இந்த மலரில் ஒரு பிரதியைக் கலெக்டர் கச்சேரிக்கும், ஒன்றை எங்கள் பள்ளிக்கூட மானேஜருக்கும் என் கையெழுத்தோடு தபாலில் சேர்த்துவிட்டேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. நாளைக் காலை நானே போகிறேன். கதவு சாத்தியிருந்தால், வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படி வாசிப்பேன்.