நான்கு நாள் கெடு

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் அடையாறில் ஒரு மருந்துக்கடையில் அப்பாவுக்கு டயப்பர் வாங்கிக்கொண்டிருந்தேன். முற்பகல் பதினோரு மணி இருக்கும். கைபேசி அதிர்ந்தது. திறந்தால், எங்கள் கோப்பைப் பார்த்துக்கொள்ளும் மெல்பர்ன் அதிகாரியின் பெயர். பொருள் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: ரெஃபரல்.

"மேடம், மீடியமா லார்ஜா?" என்று கடைப்பெண் இரண்டாவது முறையாகக் கேட்டாள்.

எனக்கு எந்த அளவும் ஞாபகம் வரவில்லை. "ஏதாவது ஒண்ணு குடும்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ரெஃபரல் என்றால், தத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு குழந்தையின் படத்தையும் விவரங்களையும் அனுப்பி, இந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பது. அதற்காக நானும் என் கணவரும் இரண்டரை வருஷம் காத்திருந்தோம். அப்போது நாங்கள் மெல்பர்னில் குடியிருந்தோம். மூன்று முறை கரு தங்கி மூன்று முறையும் கலைந்த பிறகு, இனி இந்த உடம்பைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்து, இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தோம். ஓர் அதிகாரி எங்கள் வீட்டுக்கு நான்கு முறை வந்தாள். படுக்கையறையைப் பார்த்தாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், நாங்கள் எதற்காகச் சண்டை போட்டுக்கொள்வோம் என்று கேட்டாள். அவள் எழுதிய அறிக்கை இந்தியாவுக்குப் போனது. அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது? கர்ப்பமாக இருந்தால் வயிறு பெரிதாகும், மாதம் தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. அடுத்த வாரமும் வரலாம், மூன்று வருஷமும் ஆகலாம். இரண்டாவது அறையைக் காலியாக வைத்திருந்தோம். கட்டில் வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "வேண்டாம், வெறும் கட்டிலைத் தினமும் பார்க்க முடியாது" என்றார் என் கணவர். வேறு ஊரில் அவருக்கு நல்ல வேலை கிடைத்தது. வீடு மாறினால் அறிக்கையைப் புதிதாக எழுத வேண்டும் என்பதால் அதையும் விட்டார்.

தொடக்கத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். குழந்தைக்கு இருக்கக்கூடிய குறைகளின் பட்டியல். உதட்டுப் பிளவு, இதயத்தில் ஓட்டை, காது கேளாமை, வலிப்பு, வளர்ச்சித் தாமதம் என்று இரண்டு பக்கத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கட்டங்கள்: சரி, வேண்டாம், பரிசீலிக்கலாம். ஒரு சனிக்கிழமை மதியம் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். வேண்டாம் என்ற கட்டத்தில் குறி போடக் கை வரவில்லை. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பரிசீலிக்கலாம் என்று போட்டோம். எங்களைப் பற்றி எங்களுக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது வருஷம் முடியும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா எப்போதோ போய்விட்டாள். நான் ஒரே பெண். கணவரை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் அடையாறு வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது, பேச்சும் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, வார்த்தைகள் இடம் மாறிவிட்டன. தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி" என்பார். சாவியைக் கொண்டுபோய் நீட்டினால் அழுவார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவர். ஒரு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் உள்ளவர்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். பெசன்ட் நகர் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அப்பாவை ஒற்றையாளாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பாள். மருந்துக்கடையிலிருந்து நான் ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து படத்தைத் திறந்தபோது, தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள் அவள்தான்.

"யாருக்கா இந்தப் பாப்பா? சோக்கா கீது."

"எங்களுக்கு வரப்போற பாப்பா" என்றேன். அப்படித்தான் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை.

ஒடிசாவில் ஒரு சின்ன ஊரில், ஒரு காப்பகத்தில் இருந்தது அந்தப் பெண் குழந்தை. மூன்று வயது. மொட்டையடித்து முடி அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. தோளிலிருந்து நழுவும் பெரிய மஞ்சள் கவுன். படத்தோடு நாற்பது விநாடி ஓடும் ஒரு வீடியோவும் வந்திருந்தது. குழந்தை தரையில் உட்கார்ந்து, யாரோ பெரியவர்களின் ரப்பர் செருப்புக்குள் தன் காலை நுழைக்கிறது. எழுந்து நிற்கிறது, ஓர் அடி வைத்ததும் விழுகிறது. அழவில்லை. படம் எடுப்பவரை நிமிர்ந்து பார்க்கிறது. மறுபடி காலை நுழைக்கிறது. ஒரு பெண் குரல் ஒடியாவில் என்னவோ சொல்ல, குழந்தை வாய் முழுக்கச் சிரிக்கிறது. அதோடு முடிந்துவிடும்.

கணவரை அழைத்தேன். அங்கே மாலையாகியிருந்தது.

"பார்த்தீங்களா?"

"ஆறு தடவை பார்த்துட்டேன்" என்றார். "அந்தச் செருப்பு..."

"ஆமா, அந்தச் செருப்பு."

இருவரும் சிரித்தோம். வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று கூடப் பேசினோம். அந்த ஒரு நாள் மாலை நாங்கள் அம்மா அப்பாவாக இருந்தோம்.

மருத்துவ அறிக்கையை மறுநாள் காலையில்தான் ஒழுங்காகப் படித்தேன். குழந்தை பிறந்த சில மாதத்தில் ஒரு பேருந்து நிலையத்தில் கிடைத்திருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு முறை வலிப்பு. இன்னும் மருந்து கொடுக்கிறார்கள். நடக்கவே இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது. பேச்சு என்ற இடத்தில், வார்த்தைகள் இல்லை, என்று எழுதியிருந்தது. பதில் சொல்ல எங்களுக்கு நான்கு நாள் கெடு.

தி.நகரில் பனகல் பார்க் அருகே ஒரு குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போனேன். காத்திருக்கும் கூடம் முழுக்கக் குழந்தைகள். ஒன்று இருமியது, ஒன்று தரையில் புரண்டது. குழந்தை இல்லாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

"பேஷண்ட் எங்க மேடம்?" என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்.

கையில் இருந்த தாள்களைக் காட்டினேன்.

மருத்துவர் வயதான அம்மாள். நிதானமாக இரண்டு முறை படித்தார். வீடியோவையும் பார்த்தார்.

"தலைச் சுற்றளவு மூணு வயசுக்குக் கம்மியா இருக்கு. ஃபிட்ஸ் வேற வந்திருக்கு" என்றார். "ஆனா இங்க பாருங்க, விழுந்ததும் நிமிந்து ஆளைப் பாக்கறா. அது நல்ல விஷயம்."

"பேச்சு வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் போகலாம். இந்தத் தாளை வெச்சுக்கிட்டு என்னால சொல்ல முடியாதும்மா."

"பின்னாடி, எங்களுக்கப்புறம், தனியா இருந்துக்க முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என்கிட்ட வர்ற அம்மா அப்பா எல்லாரும் கடைசில இதைத்தான் கேக்கறாங்க. அவங்க குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு கேப்பாங்க. நீங்க முன்னாடியே கேக்கறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. கனிவாகத்தான் சொன்னார். ஆனாலும் வெளியே வந்து, பைகளைச் சுமந்துகொண்டு போகிற கூட்டத்துக்கு நடுவில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு மோசமான நாள். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் ஏதோ காரியம், வரவில்லை. காலையிலிருந்து அப்பா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரசீது, ரசீது." என்னவென்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். சாதம் தரையெல்லாம் சிதறியது. குனிந்து பொறுக்கியபோது, கழுத்தில் இருந்த துண்டு அவருக்கு அரித்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. எடுத்துவிட்டதும் அமைதியானார்.

தரையில் உட்கார்ந்தபடி நான் கணக்குப் போட்டேன். சொல்லத் தெரியாத ஒருவரின் தேவையை ஊகித்து ஊகித்து ஆறு மாதத்தில் நான் இப்படி ஆகிவிட்டேன். அந்தக் குழந்தைக்கு முப்பது வயதாகும்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும்.

சாயங்காலம் அப்பாவிடம் வீடியோவைக் காட்டினேன். எதற்காகக் காட்டினேன் என்று தெரியாது. யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. உற்றுப் பார்த்தார். முடிந்ததும் விரலால் திரையைத் தொட்டு மறுபடி ஓடவிடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பாவம்" என்றார். சரியான வார்த்தை ஒன்று அவர் வாயில் வந்து பல நாளாகியிருந்தது. அது சரியான வார்த்தைதானா, அந்தக் குழந்தையைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் மதியம் கணவர் அழைத்தார்.

"நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

"நீதானே கூடவே இருந்து பாத்துக்கப் போறவ. நான் வேலைக்குப் போயிடுவேன். நீ சொல்லு."

சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மூடினேன்.

"என்னால முடியாதுங்க" என்றேன்.

"சரி" என்றார். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "முடிஞ்சுது" என்றார். அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"பாப்பா எப்பக்கா வருது?"

"வரலை."

"ஏன், அவங்க குடுக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நாங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டோம்" என்றேன்.

அப்பாவின் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "வேணாம்னுட்டியா?"

"அதுக்கு உடம்பு சரியில்ல. என்னால பாத்துக்க முடியாது."

அவள் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தாள். "நானு நேத்து மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்க்கா. பாப்பா நல்லபடியா வந்து சேரணும்னு" என்றாள். அப்புறம், என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல, "வுடுக்கா. எங்கியோ ஒரு எடத்துல நல்லா இருக்கட்டும்" என்றாள். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து அப்பா இறந்தார். நான் மெல்பர்னுக்குத் திரும்பினேன். எங்கள் கோப்பு மறுபடி வரிசையில் இருந்தது. ஒன்றரை வருஷம் இன்னொரு ரெஃபரலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. எங்கள் இருவர் வயதும் கூடிக்கொண்டே போக, இனி பெரிய குழந்தைகள்தான் கிடைப்பார்கள் என்றார்கள். அறிக்கை காலாவதியானபோது புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் வந்தது. நாங்கள் புதுப்பிக்கவில்லை. இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தாளை யாரும் எடுக்கவில்லை, தேதி கடந்துபோனது.

அதற்கு முன்பு ஒருமுறை, கணவருக்குத் தெரியாமல், அந்த அதிகாரிக்கு எழுதினேன். அந்தக் குழந்தைக்கு வேறு யாராவது கிடைத்தார்களா என்று மட்டும் சொல்ல முடியுமா? அந்தக் குழந்தையைப் பற்றிய விவரங்களைத் தர எங்களுக்கு உரிமை இல்லை, மன்னிக்கவும், என்று பதில் வந்தது. நியாயம்தான். அவளுக்கு இந்த வருஷம் ஏழு வயது. வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் யாரையோ அம்மா என்று அழைத்துக்கொண்டிருக்கலாம். அதே காப்பகத்திலும் இருக்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் சென்னைக்கே வந்துவிட்டோம். அப்பாவின் வீட்டில்தான் இருக்கிறோம். கணவர் பெருங்குடியில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் காய்கறி வாங்கிவிட்டு, மாட வீதி ஓட்டல் ஒன்றில் காபிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். முன்னறிவிப்பே இல்லாமல் அவர் சொன்னார்.

"அன்னிக்கு முடியாதுன்னு நீ சொன்னப்போ எனக்கு நிம்மதியா இருந்தது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லுவேன்னுதான் நாலு நாளா காத்துக்கிட்டிருந்தேன். நான் சொல்ல வேண்டியிருக்கக் கூடாதுன்னு."

நான்கு வருஷமாக, அவரிடமிருந்து ஒரு மகளைப் பறித்துவிட்டவள் என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் சற்றுச் சோர்ந்திருந்தால் அதற்கு நான்தான் காரணம் என்று நினைப்பேன். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு அவர் படிக்கட்டில் நின்று பேசினால் உள்ளே போய்விடுவேன்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா?"

சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாளா? வந்திருக்க மாட்டாள். நான் சற்றுக் குறைவாக அழுதிருப்பேன், அவர் சற்றுக் கூடுதலாக. காபி வந்தது. இருவரும் குடித்தோம். அவர் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டார். கீரைக்கட்டு நசுங்காமல் இருக்க அதை மட்டும் நான் கையில் பிடித்துக்கொண்டேன். கோயில் குளக்கரையில் கூட்டமாக இருந்தது. ஆட்டோ கிடைக்கும் இடம் வரை நடந்தோம்.