அம்மா சொல்லாத பாராட்டு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'யார்சொன்னா' என்றுதான் பெயர். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கும் இடம் அது. பக்கம் வெளியே போகுமுன் கடைசியாகப் படித்துப் பார்ப்பது அவள் வேலை. மற்றவர்கள் எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொள்வார்கள். இவளோ, பாராட்டிப் பேசியதாகப் போட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் போடுவாள். "நீங்கதான் இப்படிச் சொன்னீங்களா?" ஒரு டயர் கடையின் வெப்சைட்டில் ஒரு வாடிக்கையாளர் "என் பல் வலி பறந்தே போச்சு" என்று உருகியிருந்ததைப் பிடித்தவளும் அவள்தான். பழைய பல் கிளினிக் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டினால் வேறென்ன வரும்?

முதலாளிக்கு அவளைக் கண்டால் வேப்பங்காயாகக் கசக்கும். ஆனால் அவள் பார்த்த பக்கத்தின்மேல் புகார் வந்ததே இல்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவளுடைய அக்கா வீட்டுக்காரரின் மூட்டுவலி கிளினிக்குக்கான பக்கம் அவள் கைக்கு வந்தது. மேலே, "நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பூரண குணம்." கீழே அவளுடைய அம்மாவின் படம். படத்துக்கடியில், "இப்போது நான் மாடிப்படியை ஓடியே ஏறுகிறேன்!"

அம்மா மாடி ஏறி வருஷக்கணக்காகிறது. கட்டிலையே கீழ் அறைக்கு இறக்கிப் போட்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் போடுவதுபோலவே அம்மாவுக்கும் போன் போட்டாள், ஸ்பீக்கரில், நாங்கள் கேட்கும்படி. "நீங்கதான் இப்படிச் சொன்னீங்களா?"

"ஏன்டி, போலீஸ் மாதிரி கேக்குற? மாப்பிள்ள போட்டோ கேட்டாரு, குடுத்தேன். ஓடுறேன்னா போட்டிருக்காரு?" அம்மா சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "அத நம்பி யாராச்சும் வந்துட்டா?"

"அதான் கேக்குறேன். நெசமா என்ன சொல்லுவ?"

"வலி பாதி கொறஞ்சிருக்கு. மாடி ஏற முடியல. மாப்பிள்ளைக்குக் கை நல்ல கை, வாய்தான் நீளம். போட்டுக்கோ."

போட்டாள். வாய் விஷயத்தை மட்டும் அக்காவுக்காக விட்டுவிட்டாள். தொண்ணூற்றெட்டையும் எடுத்துவிட்டாள்.

மறுநாள் அத்தான் வந்து குதித்தார். "சொந்த வீட்டுக்கே குழி பறிக்கிறியா? ஊர்ல எல்லாரும் போடுறதுதான?"

"எல்லாரும் போடட்டும் அத்தான். எங்கம்மா சொல்லாதத அவங்க பேர்ல நீங்க போடாதீங்க. அந்த நூறு பேரக் கூட்டிட்டு வாங்க, உக்காந்து எண்ணுவோம்."

அவர் தன் வெப்சைட் வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அக்கா இவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். புளுகினவன் நெஞ்சை நிமிர்த்திப் போகிறான், கேட்டவள் அழ வேண்டுமாம்!

சாயங்காலம் முதலாளி அவள் மேஜைக்கே வந்தார். "இனிமே போன் கீன் எதுவும் கூடாது. குடுத்தத அப்படியே ஏத்தணும். உனக்கு வேல வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். அதத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றாள், அடுத்த பக்கத்தில் புகழ்ந்திருந்தவரின் நம்பரை அழுத்திக்கொண்டே.