உப்பு டப்பா இருந்த இடம்

தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம் காதில் விழுந்தால் போதும், அண்டாக்காவின் வலது கை தானாக எழுந்துகொள்ளும். அவள் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கலாம், திரும்பி நின்று யாரையாவது திட்டிக்கொண்டிருக்கலாம். கை அதற்கெல்லாம் காத்திருக்காது. அடுப்புக்கு வலப்பக்கம் இருக்கிற உப்பு டப்பாவுக்குள் நுழையும், வேண்டிய அளவு அள்ளும், பாத்திரத்தின் மேல் மூன்று தரம் உதறும், பிறகு இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டித் துடைத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். தையல் ஆலையின் கேன்டீனில் அவளோடு வேலை செய்கிறவர்கள் இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்த்து வருகிறார்கள். பார்க்காத ஒரே ஆள் அண்டாக்காதான்.

பத்தொன்பது வயதில் காய் கழுவ வந்தவள் அவள். ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்திருந்தது. கழுவுகிறவள் வெட்டுகிறவள் ஆனாள், வெட்டுகிறவள் கிளறுகிறவள் ஆனாள், கடைசியில் முந்நூற்றிருபது பேருக்குச் சமைக்கிற தலைமைச் சமையல்காரி ஆனாள். உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அண்டாக்களை ஒற்றை ஆளாக நகர்த்துவதால் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் ருசி பார்த்துச் சமைக்கிறவள் இல்லை. மூடியைத் தூக்கி ஒரு முறை மூச்சை இழுப்பாள், அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்குப் போனால் பதினோரு மணிக்குச் சமையல் முடிந்துவிடும். பரிமாறுவது வேறு ஆட்கள். கூட்டம் வருவதற்குள் அவள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவாள். சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சம்.

வீடு மூன்றாவது மாடியில். அவள், தம்பி, தம்பி மனைவி, ஏழு மாதக் குழந்தை. வீட்டில் அவள் அடுப்புப் பக்கம் போவதில்லை. அந்தச் சமையலறையில் இருவர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் மற்றவர் திரும்ப முடியும். பாத்திரங்களோ அவள் கண்ணுக்குச் சொப்புச் சாமான் மாதிரி தெரிந்தன. குடிவந்த அன்று சாமான்களை அடுக்கிக் கொடுத்ததோடு சரி. உப்பு டப்பாவை அடுப்புக்கு வலப்பக்கம் வைத்தவளும் அவள்தான்.

இப்போது அவள் அந்த அடுப்புக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. தம்பி மனைவிக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஒன்றாம் தேதியோடு விடுப்பு முடிகிறது. காலை ஐந்தரைக்கே கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவாள். தம்பி பஸ் டிரைவர். மத்தியானம் பன்னிரண்டுக்குப் போய்விடுவான். குழந்தையின் மத்தியானச் சாப்பாடு அத்தையின் தலையில்.

"பாப்பா உங்க கையால சாப்பிடப் பழகிட்டா எனக்குக் கவலையே இல்ல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "பழகலேன்னா எங்க அம்மா ஊர்லதான் கொண்டுபோய் விடணும். அவங்க எப்ப எப்பன்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

அந்த ஊர் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம். தொட்டிலில் கிடந்த பாப்பா அத்தையின் சுண்டுவிரலைப் பிடித்து வைத்திருந்தாள். விரலை விடுவித்துக்கொள்ளாமலே அண்டாக்கா தலையை ஆட்டினாள்.

கையில் பத்து நாள் இருந்தது. ஆஸ்பத்திரி நர்சம்மா எழுதிக் கொடுத்த காகிதம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. ஒரு வயது வரை உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், நன்றாக வேகவைத்து மசிக்கவும்.

"உப்பில்லாம எப்படிம்மா? சுவத்துக்குப் பூசுற மாதிரில்ல இருக்கும்?"

"அண்ணி, ஒரு கல் கூட விழக்கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

"சரி, போடல."

மனதாரத்தான் சொன்னாள்.

முதல் நாள் கணக்கிலேயே சிக்கல் வந்தது. முந்நூற்றிருபது பேருக்குப் பதினாறு கிலோ கேரட் என்றால் ஆளுக்கு ஐம்பது கிராம். பாப்பா ஓர் ஆளில் கால்வாசி கூடத் தேறமாட்டாள். ஆக, ஒரு கேரட்டின் வால். அந்த வாலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அண்டாக்காவுக்கு அவமானமாகிவிட்டது. இதற்கா ஒருத்தி கத்தியைத் தீட்டுவாள்? நான்கு கேரட், மூன்று உருளைக்கிழங்கு, இரண்டு பிடி அரிசி போட்டாள். வெந்து மசித்தபோது வீட்டிலேயே பெரிய பாத்திரம் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"அக்கா, பாப்பாவோட ஆபீஸ்காரங்க எல்லாரும் சாப்பிட வர்றாங்களா?" என்று கேட்டான் தம்பி.

தம்பி மனைவி பாப்பாவின் கண்ணில் படாமல் படுக்கையறையில் ஒளிந்துகொண்டாள். அண்டாக்கா ஸ்பூனை நீட்டினாள். பாப்பா வாயைத் திறந்தாள், வாங்கினாள், யோசித்தாள். புருவம் இரண்டும் நடுவில் வந்து சேர்ந்தன. பிறகு நாக்கால் அத்தனையையும் ஒரு பருக்கை பாக்கியில்லாமல் வெளியே தள்ளிவிட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆலை மேனேஜர் துணியைத் திருப்பிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் தள்ளிவைப்பது அண்டாக்காவுக்கு ஞாபகம் வந்தது.

"மேனேஜரம்மா, இன்னும் ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சினாள். மேனேஜரம்மா அசையவில்லை. கிண்ணியில் தண்ணீர் கொடுத்தால் மட்டும் மடமடவென்று குடித்தாள்.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி ஒரு வாழைப்பழத்தை மசித்துக் கொடுக்க, அதே பாப்பா அரைப் பழம் சாப்பிட்டாள். ஆக வாயில் குற்றமில்லை, பசியில் குற்றமில்லை. ஊட்டுகிற கைதான் பாப்பாவுக்கு ஆகவில்லை என்று வீடு தீர்மானித்தது.

மறுநாள் பூசணிக்காய். அதற்கடுத்த நாள் பீன்ஸும் உருளையும். தம்பி ஸ்பூனைத் தூக்கிப் பிடித்து, "பஸ் வருது, பஸ் வருது, கதவைத் திற!" என்று ஹாரன் அடித்தான். கதவு திறக்கவில்லை. "பொண்ணு இறங்குற ஸ்டாப் இது இல்ல போலிருக்கு," என்று டூட்டிக்குப் போய்விட்டான்.

ஐந்தாம் நாள் தம்பி மனைவிக்கு ஒரு யோசனை. "என் நைட்டியைப் போட்டுக்கிட்டு ஊட்டுங்க அண்ணி. என் வாசனை இருந்தா ஏமாந்துடுவா."

அண்டாவைத் தூக்குகிற தோள் அந்த நைட்டிக்குள் நுழைவதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. கைகளைத் தாழ்த்த முடியாமல், சிறகு விரித்த கோழி போல் அவள் வந்து உட்கார்ந்தாள். பாப்பா நைட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி நைட்டியைப் பார்த்தாள். கடகடவென்று சிரித்தாள். சிரித்த வாயில் சமயம் பார்த்து ஒரு ஸ்பூன் போனது. அடுத்த நொடியே நைட்டியின் பூக்களுக்கு நடுவே வந்து விழுந்தது.

மிச்சமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டால், தினமும் ஒரு கிண்ணம் தம்பி வயிற்றுக்குப் போயிற்று. "சத்தியமாச் சொல்றேன்கா, இதுக்காகவே நான் இன்னொரு தடவை குழந்தையாப் பொறக்கலாம்," என்பான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தை அவன் ஒரு நாளும் படித்ததில்லை. மற்றது கீழே வாட்ச்மேனுக்கு. அவருக்கு மேல் வரிசைப் பல் முழுக்கப் பிடுங்கிவிட்டார்கள், புதுப் பல் வர இரண்டு மாதம் ஆகும். மசித்த சாப்பாட்டை அவர் தேவாமிர்தமாக வாங்கிக்கொண்டார். தினமும் எவ்வளவு கொடுத்தாலும் கிண்ணம் கழுவினதுபோல் திரும்பி வந்தது. பாப்பா ஒருத்தி தவிர அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் பாப்பா சாப்பாடு பிடித்திருந்தது. அண்டாக்காவைப்போலவே தம்பி மனைவியும் அதை ருசித்ததில்லை. உப்பில்லாதது என்ற நினைப்பே அவளுக்குக் குமட்டியது.

எட்டாம் நாள் மத்தியானம். பட்டாணியும் தோற்றுவிட்டது. கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு அண்டாக்கா புறப்பட்டபோது உள்ளறையில் ஒரு சத்தம் கேட்டது. ஜிப் இழுக்கிற சத்தம். எட்டிப் பார்த்தாள். உள்ளங்கை அகலச் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி.

"நாளன்னிக்கு ரயில் அண்ணி," என்றாள், நிமிராமல். "உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. பாப்பாவுக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

மாடிப்படியில் இறங்கும்போது அண்டாக்காவின் கண்ணுக்குப் படி சரியாகத் தெரியவில்லை. முந்நூற்றிருபது பேர் சாப்பிடுகிறார்கள். ஒரு சாண் வயிறு வேண்டாமென்கிறது.

வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். "வாங்கக்கா, வாங்க. இன்னைக்கு என்ன கலரு?"

"பச்சை."

ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். "ஆகா. எங்க வீட்டம்மா வைக்கிற கஞ்சியும் இருக்கே, வாயில வைக்க முடியல. இதுன்னா உப்பு அளந்து போட்ட மாதிரி நச்சுனு இருக்கு."

"என்ன இருக்கு?"

"உப்புக்கா. ஒரு நாள் கூடினதில்ல, ஒரு நாள் குறைஞ்சதில்ல."

"நான் உப்பே போடலையே."

"அட, விளையாடாதீங்கக்கா. பல்லுதான் போச்சு, நாக்கு இங்கதான இருக்கு!" என்று நாக்கை நீட்டியும் காட்டினார்.

அண்டாக்கா கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். ஓரத்தில் விரலைவிட்டு எடுத்து வாயில் வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் தன் சமையலை அவள் ருசி பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

உப்பு இருந்தது. நச்சென்று இருந்தது.

"அக்கா, கிண்ணம்!" என்று வாட்ச்மேன் பின்னால் கத்தினார். அவள் படியேறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்றாள். சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. நாளைக்கு உப்பில்லாமல் செய்து ஊட்டிவிட்டு, பாப்பா பழகிவிட்டாள் என்று பெயர் வாங்கிவிடலாம். ஆனால் வாக்குக் கொடுத்தது வாய், மீறியது கை. நாளைக்கு அந்தக் கை என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியாது. காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். மிச்சப் படிகளையும் ஏறினாள்.

"உப்பு போட்டிருக்கேன்மா," என்றாள் வாசலில் நின்றபடியே. "எட்டு நாளும். எப்பப் போட்டேன்னு எனக்கே தெரியல."

தம்பி மனைவி எழுந்து வந்து கிண்ணத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சிவந்தது. "எட்டு நாளா எம் பொண்ணுக்கு உப்பை ஊட்டியிருக்கீங்களா?"

"ஊட்டினேன். எல்லாத்தையும் துப்பிட்டாளே."

அன்று வாராந்திர விடுமுறையில் தரையில் படுத்திருந்த தம்பிதான் தலையைத் தூக்கினான். "நம்ம வீட்டுல நர்சம்மா எழுதினதை ஒழுங்காப் படிச்ச ஒரே ஆளு பாப்பாதான் போல."

தம்பி மனைவி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். உடனே, "சிரிக்கிற விஷயமா இது?" என்று புருஷனை அதட்டினாள்.

"அதை விடு. அக்கா, நீ ருசி பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

அண்டாக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

மறுநாள் தம்பி மனைவி அடுப்பங்கரையில் காவல் நின்றாள். கேரட் கொதிக்கத் தொடங்கியது. "ஏம்மா, ரயில் டிக்கெட்டை ரத்து பண்ணா..." என்று அண்டாக்கா ஏதோ கேட்க ஆரம்பித்தாள்.

"அண்ணி! கை! கையைப் பாருங்க!"

பார்த்தாள். கை உப்பு டப்பாவுக்குள் மணிக்கட்டுவரை போயிருந்தது. வேறு யாருடைய கையையோ பிடித்து இழுப்பதுபோல் அவள் அதை வெளியே இழுத்தாள். "அடப்பாவி," என்று அதைப் பார்த்தே சொன்னாள்.

டப்பாவை ஃபிரிட்ஜ் மேலே ஏற்றினார்கள். அதனாலும் தீரவில்லை. தண்ணீர் கொதித்ததும் கை போய் வெறும் மேடையைத் தடவிற்று. ஒன்றும் கிடைக்காமல் பக்கத்தில் துழாவி, சோப்புத்தூள் டப்பாவின் மூடியைத் திறக்கப் பார்த்தது. தம்பி மனைவி பாய்ந்து பிடித்தாள்.

"அதுக்கு அள்ள ஏதாவது வேணும். இல்லாட்டி ஊரையே துழாவும்," என்றான் தம்பி. தொட்டிலில் கிடந்த கிலுகிலுப்பையை எடுத்து வந்து டப்பா இருந்த இடத்தில் வைத்தான்.

அடுத்த கொதி வந்தது. கை போயிற்று, கிலுகிலுப்பையைப் பற்றிற்று, பாத்திரத்தின் மேல் மூன்று தரம் உதறிற்று. கிலுக், கிலுக், கிலுக். திருப்பி வைத்துவிட்டு இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டிற்று.

சமையலறை வாசலில் தலையணைக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாப்பா கையைக் கொட்டிக் கெக்கலித்தாள்.

சாப்பாடு ஆறியதும் தம்பி மனைவி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி ஹாரன் அடிக்கவில்லை. அண்டாக்கா ஸ்பூனை நீட்டினாள். மேனேஜரம்மா வாங்கினாள், யோசித்தாள். புருவம் மெல்ல நடுவுக்கு நகர்ந்தது. அண்டாக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புருவம் பாதி வழியில் நின்றது, திரும்பிப் போனது. தொண்டை ஏறி இறங்கியது. வாய் மறுபடியும் திறந்தது.

ஏழு ஸ்பூன். எட்டாவதைத் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது பையைத் திறக்கிற சத்தம்.

இப்போது பாப்பாவுக்கு ஒன்றே கால் வயது. கொஞ்சமாக உப்புச் சேர்க்கலாம் என்று நர்சம்மா சொல்லிவிட்டாள். அந்த உப்பைப் பாப்பாவின் அம்மாதான் ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்துக் காலையிலேயே அளந்து வைத்துவிட்டுப் போகிறாள். வாட்ச்மேனுக்குப் புதுப் பல் வந்துவிட்டது. ஆனாலும் மத்தியானக் கிண்ணத்தை அவர் விடவில்லை. தனக்கு வேண்டிய உப்பைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அண்டாக்கா இன்னும் தேவைக்கு மூன்று மடங்குதான் சமைக்கிறாள். கேன்டீனில் உப்பு டப்பா பழைய இடத்தில் இருக்கிறது, வீட்டில் அந்த இடத்தில் கிலுகிலுப்பை இருக்கிறது. பாப்பா மத்தியானத்தில் அத்தை கையால் சாப்பிடுகிறாள்.