பழைய பிரிட்ஜை எப்ப வந்து எடுப்பாங்க?

காலை ஏழு பத்து. மூன்றாம் மாடியிலுள்ள என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு குளிர்சாதனப் பெட்டி, நின்றபடியே மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கால்வாயும், அக்கரையில் இன்னும் திறக்காத கடைகளும் தெரிந்தன; ஒரு வயோதிபப் பெண் நாயோடு நடந்துபோனார். நெதர்லாந்தின் பழைய வீடுகளில் மாடிப்படிகள் ஓர் ஆள் நிமிர்ந்து ஏறுவதற்கே ஒடுக்கமானவை. கட்டில், அலுமாரி, பியானோ எல்லாம் ஜன்னலால்தான் வீட்டுக்குள் வரும், ஜன்னலால்தான் போகும். தெருவில் நிற்கும் சிறிய லொறியிலிருந்து ஏணியைப் போன்ற ஒரு தண்டவாளத்தை ஜன்னல்வரை நீட்டி, அதில் ஓடும் பலகையில் பொருளை வைத்து ஏற்றுவார்கள். இங்கே வந்து பல வருடங்களாகிவிட்டன. அந்தரத்தில் ஏறிவரும் தளபாடத்துக்கு என் கண் இன்னும் பழகவில்லை. வானத்திலிருந்து ஏதாவது வீட்டை நோக்கி வந்தால் முதலில் குனிந்துகொள்கிற ஊரிலிருந்து வந்தவன் நான்.

பெட்டியோடு வந்தவரின் பெயர் ஹென்க். சிவந்த கழுத்தும் அகன்ற தோள்களும் கொண்ட மனிதர். புதியதை எங்கே வைப்பது என்று அவர் கேட்கவில்லை. பழையது எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அது சமையலறையில் உறுமிக்கொண்டு நின்றது. தரப்போவதில்லை என்றேன்.

"ஓடுகிறதே! பிறகேன் புதியது வாங்கினீர்கள்?"

"இதைத் தங்கைக்குக் கொடுக்கத்தான்."

ஹென்க் நல்ல மனிதர். உடனே கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எந்த மாடி? ஏணி நிற்கும்போதே இறக்கித் தருகிறோம்."

"இலங்கையில் இருக்கிறாள்."

அவர் ஜன்னலால் தலையை நீட்டி, கீழே நின்ற தன் தோழரிடம் இதைச் சொன்னார். கீழேயிருந்து, ஏணியின் நீளம் போதாது என்று பதில் வந்தது. இருவரும் சிரித்து முடிந்த பிறகு ஹென்க் பெட்டியின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தார். பழைய வகை வாயு என்றார். இந்த வாயு உள்ள பழைய பெட்டிகளை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சட்டம் விடாது என்றார். பிறகு, கண்டிப்பதுபோல அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல ஒரு கேள்வி கேட்டார்: "அங்கே இது செத்துப்போனால் யார் திறப்பார்கள்?"

எனக்கு அதன் பதில் தெரியும்.

தங்கை வசந்தி ஆரையம்பதியில் இருக்கிறாள். அவளிடம் இருந்தது, வாழைச்சேனைக் காகித ஆலையில் எழுதுவினைஞராயிருந்த எங்கள் அப்பா, வேலை முடிந்து நாடு திரும்பிய வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவரிடம் வாங்கிய பெட்டி. வெள்ளை எனாமல் பூச்சு, வளைந்த தோள், இழுத்தால் வீடே கேட்கும் கைப்பிடி. நாவற்குடாவில் எங்கள் வீட்டில் நின்றது, வசந்தியின் கல்யாணத்தோடு ஆரையம்பதிக்குப் போனது. மட்டக்களப்புக்கு மின்சாரம் வராத வருடங்களில் அது மா, சீனி, மெழுகுவர்த்தி, அடையாள அட்டைகள் வைக்கும் அலுமாரியாயிற்று. எலி நுழையாத ஒரே இடம் அதுதான். மின்சாரம் திரும்பி வந்த அன்று, சும்மா செருகிப் பார்த்தாள். ஓடியது. மைத்துனர் வாவியில் மீன்பிடிப்பவர். இரவில் வாவியில் இறங்கத் தடை வந்தபின் அந்த வீட்டின் வருமானம், பள்ளிக்கூட வாசலில் வசந்தி விற்ற ஐஸ்பழம்தான். போர்நிறுத்தம் முறிந்து மறுபடியும் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கிய நாட்களில், பெட்டி நின்றுபோனது.

"அண்ணன், அது செத்துப்போச்சி" என்று தொலைபேசியில் சொன்னாள். "மெக்கானிக் வந்து பாத்துட்டு, 'அக்கா, இதுக்கு இனி மாலைதான் போடணும்' எண்டுட்டான். உங்கட பழசு ஒண்டு இரிக்கெண்டீங்களே, அத அனுப்பிவிடுங்களன். வெயில் காலம். பள்ளிக்கூடமும் நடக்குது. இப்ப விட்டா வாடிக்கை மற்றப் பக்கம் போயிரும்."

அதற்காகத்தான் புதியது வாங்கினேன். கப்பலில் பொருள் ஏற்றும் தமிழர் ஒருவரிடம் இடமும் சொல்லிவைத்திருந்தேன். அவருடைய களஞ்சியத்தில் நம்மவர்களின் பழைய பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அளவெட்டி, செட்டிகுளம், களுவாஞ்சிகுடி என்று பெயர் ஒட்டியிருந்தது.

அவை ஊரில் எப்படி முடியும் என்பதை, செய்தியாளனாகத் திரிந்த காலத்தில் வாழைச்சேனைத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். பழைய இரும்பு யாவாரி முதலில் வருவார். செம்புக் குழாயில் உளியை வைத்து ஒரே போடு. 'புஸ்' என்று நீண்டு ஒரு சத்தம் வரும். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பேய் போகுது, வழிய விடுங்க கா!" என்று சிரிப்பார்கள். செம்பும் மோட்டரும் யாவாரிக்கு. உடலை மல்லாக்கக் கிடத்தினால் மீனும் ஐஸும் போடும் பெட்டி. சுவர்களுக்குள் இருக்கும் மஞ்சள் நுரையைக் கத்தியால் வெட்டி வலைக்கு மிதப்பாகக் கட்டுவார்கள். எதையும் வீணாக்காத கைகள் என்று அப்போது ஒரு கட்டுரைகூட எழுதினேன். வீணாகாமல் போனது எது, காற்றோடு போனது எது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மக்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

பெட்டியை ஹென்கிடம் கொடுத்துவிட்டேன். புதியது ஏறிவந்த ஜன்னலாலேயே அது இறங்கியது. உட்கார்ந்திருக்கும் நோயாளியை இறக்குவதுபோல, நிமிர்த்திப் பட்டியால் கட்டி, குலுக்காமல் இறக்கினார்கள்.

அன்று மாலை வசந்தி கேட்டது சரியான கேள்வி. "நல்லா ஓடுற சாமான வெள்ளக்காரனுக்குக் குடுத்துப்போட்டு நிக்கிறீங்களா? என்ன அண்ணன், அவனுக்குப் பிரிட்ஜ் இல்லையாமா?" உளி பட்டதும் பேயாக வெளியேறும் வாயுவைப் பற்றிச் சொன்னேன், மேலே வானத்தில் ஓசோன் படையில் அது செய்யும் ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். "இஞ்ச கூரையெல்லாம் ஓட்டை" என்றாள். "அத ஆர் அடைக்கிறது?" தொலைபேசி வைக்கப்பட்டது.

இங்கே பழைய பெட்டிகளைப் பிரித்தெடுக்கும் ஆலையைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை திறந்துவைத்தார்கள். போனேன். கொடுத்த பொருளுக்கு என்ன நடக்கிறதென்று பார்க்காமல் நான் செய்த காரியத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. பெட்டிகள் வரிசையாக உருண்டு வருகின்றன. ஒருவர் குழாயைக் கவ்வும் ஒரு கருவியைப் பொருத்துகிறார். சத்தமே இல்லை. வாயுவும் எண்ணெயும் ஓர் உருளைக்குள் போய்விடுகின்றன. அடுத்து, மூடிய ஓர் அறைக்குள் பெட்டி முழுதாக நொறுக்கப்படுகிறது. ஏன் மூடிய அறை என்று கேட்டேன். குழாயில் இருப்பதைவிட அதிகமான வாயு சுவர் நுரைக்குள் இருக்கிறது, நொறுக்கும்போது அது வெளியேறும், அதையும் பிடிக்கவேண்டும் என்றார் விளக்கம் சொன்ன பெண். வாவியில் மிதந்த மஞ்சள் துண்டுகள் என் கண்ணுக்குள் வந்தன. மறுபுறத்தில் செம்பு ஒரு குவியல், அலுமினியம் ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல். தரையில் ஒரு துளி எண்ணெய் இல்லை.

ஆனால் என்னை வியக்கவைத்தது யந்திரமல்ல, அதன் பின்னாலுள்ள சட்டத்தின் ஒரு வரி. பெட்டியைச் செய்தவரும் அதை நாட்டுக்குள் கொண்டுவந்தவரும், அது சாகும்போது திரும்ப எடுக்கவேண்டும். புதியதை இறக்கும் கடை பழையதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. செலவு, புதிய பெட்டியின் பற்றுச்சீட்டிலேயே 'வெர்வைதெரிங்ஸ்பைட்ராஹெ' என்று வாய்க்குள் அடங்காத ஒரு பெயரில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அகற்றுவதற்கான பங்கு என்று பொருள். பிறக்கும்போதே ஈமச்செலவைக் கட்டிவிடுகிறார்கள். இது தர்மமல்ல, கணக்கு என்பதால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. தர்மம் செய்கிறவர் களைத்துப்போவார். தான் செய்த பொருளைத் தானே ஒருநாள் பிரிக்கவேண்டும் என்று தெரிந்த கொம்பனி, அடுத்த பெட்டியைச் செய்யும்போதே யோசிக்கத் தொடங்கும். யோசித்தும் இருக்கிறது. என் புதிய பெட்டியில் அந்தப் பழைய வாயு இல்லை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் எங்கள் வாவியோரத்தில் ஒரு கோட்டையைக் கட்டிவிட்டு, திரும்ப எடுத்துப்போகாமல் வந்துவிட்டவர்களின் நாடு இது. இவ்வளவு தூரம் திருந்தியிருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் நான் அனுப்பிய செய்திகளில் அதிகம் எழுதிய வாக்கியம், 'எங்கிருந்து வந்ததெனத் தெரியவில்லை' என்பது. வீட்டுக்கூரையில் விழுந்ததற்கும், வலையில் சிக்கி வந்த வெடிக்காத இரும்புக்கும் அதே வாக்கியம்தான். இரண்டு பக்கத்தாரும் தங்களுடையதல்ல என்பார்கள். செய்தவர் பெயர் இல்லாத பொருள்களின் நடுவே வளர்ந்தவனுக்கு, ஒரு பிரிட்ஜுக்குக்கூடக் கடைசிவரை பொறுப்பாளி உண்டு என்பது சிறிய விஷயமல்ல. பாணும் மாவும் கொண்டுவரும் லொறிக்கே பாதை திறக்காத ஊரில் வாயுவைப் பற்றிப் பேசுகிறான் என்று வாசகர்கள் சிலர் நினைக்கலாம். பாதை திறக்கும் நாளில் லொறி லொறியாக வரப்போவது இந்தப் பெட்டிகள்தான். விற்கிறவர் திரும்ப எடுக்கவேண்டும் என்ற விதி அதற்கு முன்பே வந்துவிடவேண்டும்.

வசந்திக்குப் புதியது ஒன்று வாங்கிக் கொடுக்கக் காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவரோடு பேசினேன். ஆரையம்பதிக்குப் பக்கம். அந்த நாட்களில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாலும் வியாபாரம் நிற்கவில்லை. எல்லாம் முடிந்தபின், அங்கே அண்ணனை அழைக்கிற மாதிரி, "நானா, இது பழுதாகிச் செத்தா நீங்க திருப்பி எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தொலைபேசி இரைந்தது. "தம்பி, பொண்ணக் கட்டிக் குடுக்கிறதுதான் எங்கட வேல. மவுத்தானா ஜனாஸா தூக்கக் கொம்பனி வருமா? ஹொலண்டில இரிந்து நல்லாக் கெட்டுப்போயிட்டீங்க!" ஆனால் சொன்னபடி சோதனைச் சாவடியைக் கடந்து மறுநாளே கொண்டுபோய் இறக்கினார். வசந்தி மறுபடியும் பள்ளிக்கூட வாசலுக்குப் போகத் தொடங்கினாள். பேசவும் தொடங்கினாள்.

"யாவாரி ரெண்டுதரம் வந்திட்டான் அண்ணன், அப்பாட பிரிட்ஜுக்கு. உளியோட நிக்கிறான். நீங்க சொன்னீங்களெண்டு வெட்ட விடல்ல. வேலியோரம் படுத்துக் கிடக்கு. கோழி அதுக்கு மேல ஏறி முட்டை இடுது."

மகிழ்ச்சியாக இருந்தது. உள்ளே எந்த வாயு என்று தெரிந்துகொள்ள, பின்பக்கத்துத் தகட்டை வாசிக்கச் சொன்னேன். துருப்பிடித்துக் கிடக்கிறது என்றாள். தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வந்தாள்.

"இங்கிலீஷ் ஆர், பன்னிரண்டு. அதுதானே நீங்க சொன்ன பேய்?"

"அதுதான்."

"கீழ இன்னொரு வரி இரிக்கு. என்ன பாஷையோ." ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். "இவங்கதானா செய்தவங்க? அப்ப இவங்கதானே எடுக்கணும். எப்ப வந்து எடுப்பாங்க அண்ணன்?"

அவள் வாசித்தது ஓர் ஊரின் பெயர். நான் காலையில் வேலைக்குப் போகும் ரயில், ஏறியபின் மூன்றாவதாக நிற்பது அங்கேதான்.