மடையோரத்து வரால் குஞ்சுகள்

பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தை ஒரு கல்லூரியின் ஆய்வுக்காகக் கவனித்து வருகிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரின் சூட்டையும் தெளிவையும் அளக்க வேண்டும். மீன்கள் குஞ்சு பொரிக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். எனக்கு முன்பும் பலர் இதே கரையில் நின்று அளந்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகும் நான் போவதை வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கொழுந்தன் அதைக் ‘குளம் சுத்துகிற வேலை’ என்பான். மாமியார் சிரிப்பார். நானும் சிரிப்பேன். கைக்குழந்தையை விட்டுவிட்டு இதற்குப் போகத்தான் வேண்டுமா என்று எனக்கே சந்தேகம்.

ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து வாரியபோது கரையோரக் கோரையும் சேர்ந்து போயிருந்தது. மழையும் முன்போலப் பருவத்தில் வருவதில்லை. வரால் ஒதுங்க இடமில்லாமல் குளம் முழுக்கச் சிலேபி மீனாகிவிட்டது. இந்த ஐப்பசியில் மடைக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த கோரைக்குள், செம்மண்ணைக் கரைத்ததுபோல் தண்ணீர் அசைவதைக் கண்டேன். வரால் குஞ்சுகள். நான் வேலையில் சேர்ந்த பிறகு அதுதான் முதல் தடவை.

அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சு இருக்கும் இடம் தெரிந்தால் அவற்றைப் பிடிப்பது எளிது. அதனால் இடத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. படத்தை மட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். வெளிநாட்டில் இருக்கும் கணவர் பார்க்கட்டும் என்று வைத்ததாகப் பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன்.

மறுநாள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பினால் வாசலிலேயே மீன் புளிமுளக் குழம்பு மணத்தது.

“மைனி, ஒங்க போட்டோவுல மடைக்கல்லு தெரிஞ்சுல்லா,” என்றான் கொழுந்தன். “தூண்டிலப் போட்டதுதான் தாமசம், தள்ளமீனு பாய்ஞ்சு வந்து கவ்விச்சு. பொறவு தந்தையும் மாட்டிச்சு. குளம் சுத்துகதுலயும் லாபம் உண்டு, பாத்துக்கிடுங்க.”

எனக்காகத்தான் வெயிலில் போய் நின்றிருக்கிறான். மாமியார் பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார்.

“ஆப்பரேசன் பண்ணின ஒடம்பு மக்கா. வராலு தின்னாத்தான் உள்புண்ணு ஆறும். தின்னு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் முகம் சுருங்கும், மாமியார் மனம் நோகும் என்று நினைத்தேன். தின்றேன். ருசியாக இருந்தது. மறுபடியும் சோறு வாங்கினேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

அடுத்த நாள் காலை மடைக்குப் போனேன். செம்மண் கரைசலாகக் கிடந்த கூட்டம் சிதறி, திட்டுத் திட்டாக அலைந்தது. சிலேபிகள் உள்ளே புகுந்து வாரிக்கொண்டிருந்தன. கரையில் ஒரு கொக்கு. ஒரு கம்பால் தண்ணீரை அடித்தேன். சிலேபிகள் விலகின; கம்பை எடுத்ததும் திரும்பி வந்தன. எவ்வளவு நேரம் அடிப்பது? பால் கட்டி மார்பு வலித்தது. பிள்ளை அழுகிற நேரம். கம்பைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பேராசிரியருக்குப் போன் செய்து, காவல் மீன்களை யாரோ பிடித்துவிட்டார்கள் என்றேன். யாரோ என்றுதான் சொன்னேன். அவர் அப்படியே பதிந்துவிடச் சொன்னார்.

சாயங்காலம் கொழுந்தன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அடுத்தது எங்க மைனி?” என்று சிரித்தான்.

“குஞ்செல்லாம் போச்சு தம்பி,” என்றேன். “காவலுக்கு நின்ன ரெண்டையும் நாம தின்னாச்சு. நான்தான் காட்டிக் குடுத்தேன்.”

அவன் சிரிப்பு நின்றது. பிள்ளையை மெதுவாக என் மடியில் விட்டான்.

“முன்னயே சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்லா மைனி.”

குளம் சுத்துகிற வேலை என்று அவன் சொன்னபோதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தேனே தவிர, அங்கே போய் எதைப் பார்க்கிறேன் என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.